‘சிங்கிங் இன் தி ரெயின்’ ஆட்களை அனிமேஷன் பாத்திரங்களாக வரைகிறேன்: முகத்தில் தொடங்கவா, காலில் தொடங்கவா?

கரித்துண்டு எழுதியது:

வணக்கம். மௌனப் படம் பேசும் படமாக மாறிய காலத்து ஹாலிவுட்டைக் கதையாக்கி 1952-இல் எம்.ஜி.எம். வெளியிட்ட இசைப்படம் ‘சிங்கிங் இன் தி ரெயின்’ கையால் வரைந்த முழுநீள அனிமேஷனாக வந்திருந்தால் அதன் ஆட்கள் எப்படி இருந்திருப்பார்கள்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு கேரக்டர் வரிசை வரைந்துவருகிறேன். மௌனப்பட நட்சத்திரம் டான் லாக்வுட், அவர் நண்பர் காஸ்மோ பிரவுன், இளம் நடிகை கேத்தி செல்டன், டானோடு ஜோடியாக நடிக்கும் நட்சத்திரம் லீனா லமாண்ட், பிறகு பிராட்வே பாலே பகுதியில் வரும் பச்சை உடைப் பெண். மொத்தம் ஐந்து பேர்.

இப்போது இருக்கும் நிலையைச் சொல்கிறேன். டானுக்கு அகலத் தோள், குறுகிய இடுப்பு, தலைகீழ் முக்கோணம். காஸ்மோ அதே உயரம், கொஞ்சம் ஒல்லி, நீள முகம். கேத்தி வட்ட முகம், பெரிய கண். லீனாவுக்கு உடல் முழுக்க ஒரே எஸ் வளைவு, மேலே தூக்கிய மூக்கு. பச்சை உடைப் பெண் எல்லோரையும் விட நெடியவள்.

வரிசையாக நிற்கவைத்தால் ஐவரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆடும் போஸ் கொடுத்தவுடன் டானும் காஸ்மோவும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். பெண்கள் மூவருக்கும் முடியை மறைத்துவிட்டால் யார் யார் என்று தெரியவில்லை. இவர்களாக அதே வரிசையில் நடித்த ஜீன் கெல்லி, டொனால்ட் ஓ’கானர், டெபி ரெனால்ட்ஸ், ஜீன் ஹேகன், சிட் சரிஸ் ஆகியோரின் முகச்சாயலை இன்னும் கூட்டினால் சரியாகுமா, அல்லது வேறு வழி உண்டா? உங்கள் கருத்து வேண்டும்.

---

வரைமேசை எழுதியது:

முகச்சாயலைக் கூட்டினால் சிக்கல் கூடத்தான் செய்யும். இந்தப் படத்தின் நடனங்களில் முகம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பாருங்கள். ஸ்டான்லி டோனனும் கெல்லியும் சேர்ந்து இயக்கிய படம் இது. நடனம் வந்தால் கேமரா பெரும்பாலும் தலை முதல் கால்வரை முழு உடலையும் சட்டகத்துக்குள் வைத்துக்கொள்கிறது. அந்த அளவில் முகம் ஒரு பொட்டு. மூக்கு, தாடை, புருவம் என்று நீங்கள் உழைத்ததெல்லாம் அங்கே காணாமல் போய்விடும். எனவே ஆள் அடையாளம் கழுத்துக்குக் கீழேதான் பிறக்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் தலை இல்லாமல் சில ஆட்ட போஸ்கள் வரையுங்கள். உள்ளே எந்தக் கோடும் வேண்டாம், முழுக்கக் கறுப்பு. கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, படம் பார்த்த ஒருவரிடம் காட்டுங்கள். யார் யார் என்று அவர் தயங்காமல் சொன்னால் வடிவமைப்பு நிற்கிறது. தயங்கினால் கண்ணையும் மூக்கையும் தொடவே தொடாதீர்கள். இடுப்புக்குத் திரும்பிப் போங்கள்.

அடுத்தது, நான் முதலில் பார்ப்பது: உடலில் எந்தப் பகுதி முதலில் கிளம்புகிறது? கெல்லிக்கு நெஞ்சு. முழங்கால் மடங்கி, எடை கீழே இறங்கி, தரையை அழுத்தி ஆடுகிற ஆள் அவர். இன்னொரு நடன நட்சத்திரமான ஃபிரெட் அஸ்டேர் போல நிமிர்ந்து மிதக்கும் ஆட்டம் அல்ல. உயரமானவரும் அல்ல. உங்கள் தலைகீழ் முக்கோணத்தில் கால்கள் நீண்டு மெலிந்து முடிகின்றன. அங்கேதான் கெல்லி தொலைந்துபோகிறார். தொடை கனமாக வேண்டும், எடையின் மையம் கீழே வர வேண்டும்.

ஓ’கானர் இதற்கு நேர் எதிர். ‘மேக் தெம் லாஃப்’ பாட்டில் அவர் சுவரில் ஏறிக் குட்டிக்கரணம் போடுகிறார். தலையில்லாத பொம்மையோடு சோஃபாவில் மல்லுக்கட்டுகிறார். கடைசியில் சுவரைப் பிய்த்துக்கொண்டு போகிறார். அவருடைய முழங்கையும் முழங்காலும் முதலில் கிளம்ப, உடம்பு பின்னால் வருகிறது. டான் தரையைச் சேர்ந்தவர், காஸ்மோவுக்குத் தரை தற்காலிகம். இந்த ஒரு வேறுபாட்டை உடல் அமைப்பில் கொண்டுவந்தால் இருவரும் தாமாகவே பிரிந்துவிடுவார்கள்.

---

மைக்கூடு எழுதியது:

வரைமேசை சொல்வது டானுக்கும் காஸ்மோவுக்கும் சரி. லீனாவுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. அவள் படத்தில் ஆடுவதே இல்லை. அவளுடைய பெரிய காட்சி மைக் காட்சி. பேசும் படம் வந்த புதிது. மைக்கைச் செடிக்குள் ஒளித்துவைக்கிறார்கள், பிறகு அவள் உடைக்குள் வைக்கிறார்கள், பிறகு தோளில். அவளோ வசனம் பேசும்போது தலையை இரு பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்கிறாள், குரல் வந்து வந்து போகிறது. அந்த நகைச்சுவை முழுக்கக் கழுத்திலும் முகத்திலும் நடக்கிறது. கழுத்துக்குக் கீழேதான் அடையாளம் என்றால் லீனா எங்கே போவாள்?

இன்னொன்று. கெல்லியின் சிரிப்பில்லாத டான், டானே அல்ல. மழைக்காட்சியில் கேமரா நெருங்கிவந்து, முகத்தை மேலே தூக்கி மழையை வாங்கும் இடத்தில் நமக்குத் தெரிவது அந்தச் சிரிப்புதான்.

---

வரைமேசை எழுதியது:

மைக்கூடு, லீனாவைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்தக் காட்சியையே இன்னும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். தலை திரும்புகிறது, தோள் அசையவில்லை. மௌனப் படத்துக்குப் பழகிய உடல் அது. தன் நல்ல பக்கம் எது என்று தெரிந்துவைத்திருக்கும் உடல். அவளுக்கு முதலில் கிளம்புவது தாடை. நீண்ட கழுத்து, அதன்மேல் தன்னிச்சையாகச் சுழலும் தலை, கீழே சிலையாக நிற்கும் உடம்பு. இதுவும் அசைவுதான். நான் நடனத்தை மட்டும் சொல்லவில்லை.

---

தையல்பெட்டி எழுதியது:

லீனா பற்றி ஒரு வார்த்தை. தயவுசெய்து அவளை அசிங்கமாக வரையாதீர்கள் கரித்துண்டு. மேலே தூக்கிய மூக்கு, கோணல் வாய் என்று போனால், பார்த்த மாத்திரத்தில் இவள் வில்லி என்று தெரிந்துவிடும், கதையே செத்துவிடும். அவள் திரையில் தேவதை. வாயைத் திறக்கும்வரை ஊரே அவளை நம்புகிறது. ஐந்து பேரில் மிக ஒழுங்கான, மிக அழகான கோடுகள் அவளுடையதாக இருக்க வேண்டும். அவளுடைய கீச்சுக்குரல் வந்து அந்த அழகை உடைக்கட்டும்.

ஜீன் ஹேகனின் சொந்தக் குரல் அது அல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கதைப்படி லீனாவின் வசனங்களுக்குக் கேத்தி குரல் கொடுக்கிறாள். ஆனால் அந்த இடத்தில் நாம் கேட்பது ஹேகனின் இயல்பான குரலையேதான். அவ்வளவு நல்ல குரல் உள்ளவர், அந்தக் கீச்சுக்குரலை நடித்துக் காட்டினார். துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். இப்படி ஒரு நடிகையின் வேலையைக் கோணல் மூக்கில் அடக்கிவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

---

கரித்துண்டு எழுதியது:

தையல்பெட்டி, இது பெரிய உதவி. லீனாவின் மூக்கை இறக்கிவிடுகிறேன். எக்ஸ்பிரஷன் ஷீட்டில் (முகபாவங்களைத் தொகுத்துக் காட்டும் பக்கம்) அவளுக்கு இரண்டு வரிசை போடலாம் என்று தோன்றுகிறது: வாய் மூடிய லீனா, வாய் திறந்த லீனா. மூடிய வரிசையில் எல்லாம் சமச்சீர். திறந்தவுடன் வாய் ஒரு பக்கம் இழுக்க, புருவம் ஏற, கழுத்து நரம்பு தெரிய. அடிப்படை வடிவம் மாறாது, அசைவில் மட்டும் உடையும்.

---

புதுப்பென்சில் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன். வரைமேசை அண்ணா, ஒரு சந்தேகம். நடனம் இவ்வளவு முக்கியம் என்றால் படத்தை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி அதன்மேலேயே வரைந்துவிடலாமே? அதைவிடச் சரியாக எப்படி வரும்?

---

இருபத்துநான்கு எழுதியது:

தம்பி, மேக்ஸ் ஃபிளைஷர் கண்டுபிடித்து 1917-இல் காப்புரிமை வாங்கிய ரோட்டோஸ்கோப் இதைத்தான் செய்தது. 1930-களில் அவருடைய ஸ்டுடியோ ஜாஸ் பாடகர் கேப் காலோவேயின் ஆட்டத்தை அப்படிப் பிடித்து ஒரு வால்ரஸ் (தந்தமுள்ள கடல்விலங்கு) பேயாக மாற்றியது. இன்றைக்குப் பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும். எனவே அது தீண்டத்தகாத முறை ஒன்றும் இல்லை.

ஆனால் கவனியுங்கள், அங்கே ஆட்டம் காலோவேயுடையது, உடம்பு வேறு. 1937-இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’டுக்கு மார்ஜ் சாம்பியன் என்ற இளம் நடனக்காரி ஆடிக்காட்டினார். கேமராவில் பதிவுசெய்து ஓவியர்கள் அதைப் பார்த்து வரைந்தார்கள். ஸ்னோ ஒயிட்டின் தலை நிஜ மனிதத் தலையைவிடப் பெரிது என்பதால் அப்படியே படியெடுத்தால் உடம்பில் உட்காராது. தோள் எங்கே ஏறுகிறது, பாவாடை எத்தனை ஃபிரேம் கழித்துத் திரும்புகிறது என்பதை எடுத்துக்கொண்டு, வடிவத்தைத் தங்கள் பாத்திரத்துக்கு ஏற்ப மாற்றினார்கள். அதே மார்ஜ் சாம்பியன் பின்னாளில் கணவர் கோவருடன் எம்.ஜி.எம். இசைப்படங்களில் ஆடினார், 1951-இன் ‘ஷோ போட்’டில் பார்க்கலாம். அனிமேஷனும் இசைப்படமும் ஒரே உடல்களைப் பகிர்ந்துகொண்ட காலம் அது.

கெல்லிக்கும் இந்த உறவு உண்டு. 1945-இல் ‘ஆங்கர்ஸ் அவே’ படத்தில் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ கார்ட்டூனின் ஜெர்ரி எலியோடு ஆடினாரே! ஹானா, பார்பரா குழு வரைந்தது. கெல்லி தனியாக ஆடியதைப் படமெடுத்துவிட்டு, பிறகு எலியை அதற்குப் பொருத்தி வரைந்தார்கள். எலியின் கால் கெல்லியின் காலில் எத்தனையில் ஒரு பங்கு! அதே தாளம், அதே அடவு, ஆனால் வேறு உடம்பு. புதுப்பென்சில், அந்தப் பகுதியை ஒலி இல்லாமல் ஓடவிட்டு எலியின் இடுப்பை மட்டும் பாருங்கள். உங்கள் கேள்விக்கான முழு விடையும் அங்கே இருக்கிறது.

---

வரைமேசை எழுதியது:

இருபத்துநான்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நடைமுறைக்காக ஒன்று சேர்க்கிறேன். படத்தை நிறுத்தி வரையாதே தம்பி, ஓடவிட்டு வரை. ஒரு பாட்டு முழுக்க ஓடட்டும், நீ கண்ணில் தங்கிய வளைவுகளை மட்டும் போடு. ஓர் உருவத்துக்கு நாலைந்து கோட்டுக்கு மேல் வேண்டாம். நிறுத்திய ஃபிரேமில் இருப்பது ஒரு நொடியின் துண்டு. பெரும்பாலும் அது இரண்டு போஸ்களுக்கு நடுவே நழுவும் நிலையாகத்தான் இருக்கும், கை மங்கி, கால் பாதி மடிந்து. அதைப் படியெடுத்தால் உயிரற்ற ஓவியம்தான் கிடைக்கும். ஓடும்போது மனசில் பதிவது கீ போஸ், அதாவது அசைவின் முக்கிய நிலை. அதுதான் உனக்கு வேண்டியது.

அப்புறம், பதிந்த வளைவை இன்னும் தள்ளு. கெல்லி விளக்குக்கம்பத்தில் தொற்றிக்கொண்டு சாயும் போஸில் உடம்பு ஒரு சாய்கோடு. அனிமேஷனில் அந்தச் சாய்வை இன்னும் கூட்டலாம், கால் கம்பத்தைப் பிடித்திருக்கும்வரை கண் அதை நம்பும்.

---

தையல்பெட்டி எழுதியது:

உடை பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அதுதான் முக்கியம்.

படம் எடுத்தது 1951, வந்தது 1952. கதை நடப்பது 1927. உடை வடிவமைத்தவர் வால்டர் பிளங்கெட், ‘கான் வித் தி விண்ட்’ உடைகளும் அவருடையவைதான். 1920-களின் பெண்கள் உடையில் இடுப்புக்கோடு இடுப்பில் இருக்காது, கீழே இறங்கி இடுப்பெலும்புக்கு வந்துவிடும். உடல் நேர்க்குழாயாகத் தெரியும், முழங்காலுக்கு அருகே பாவாடை முடியும். கரித்துண்டு, உங்கள் லீனாவுக்கு எஸ் வளைவு என்றீர்கள். இறுகிய இடை, விரிந்த பாவாடை என்பது 1950-களின் உருவம். அதைப் போட்டால் காலம் குழம்பிவிடும். நேர்க்குழாய் உடைக்குள் எஸ் வளைவை ஒளித்துவையுங்கள். துணி நேராகத் தொங்கட்டும், அவள் நிற்கும் விதத்தில் வளைவு தெரியட்டும்.

இந்த நேர்க்குழாய் அனிமேட்டருக்கும் வரம். இடையில் மடிப்பு இல்லை, ஒரே வடிவம், விளிம்பில் மட்டும் அசைவு. குஞ்சம் வைத்தால் அழகாக ஆடும், ஆனால் ஒவ்வொரு குஞ்சத்தையும் ஒவ்வொரு ஓவியத்திலும் வரைய வேண்டும். அதனால் குஞ்சத்தைத் தனி இழைகளாக இல்லாமல் ஒரே பட்டையாக, கீழ் விளிம்பு மட்டும் பல்பல்லாக முடியும்படி வரையுங்கள்.

அதே காரணத்துக்காக ‘ஃபிட் ஆஸ் எ ஃபிடில்’ பாட்டின் பச்சைக் கட்டம் போட்ட சூட்டை நினைத்தாலே எனக்குப் பயம். திரையில் அற்புதமாக இருக்கிறது. கையால் வரைந்தால் ஒவ்வொரு கட்டமும் உடம்போடு வளைந்து, திரும்பி, சுருங்க வேண்டும். கட்டங்களை எண்ணிக்கையில் குறைத்து, பெரிதாக்கி, கால்சட்டையில் மட்டும் வைத்துக்கொண்டு மேலே ஒரே பச்சை போடலாம்.

---

மைக்கூடு எழுதியது:

கட்டத்தை அசைக்காமல் விட்டுவிடலாமே? சூட்டின் வெளிக்கோடு மட்டும் நகரட்டும், உள்ளே கட்டம் திரையோடு ஒட்டியபடி அப்படியே நிற்கட்டும். இப்போது கணினியில் சுலபமாகச் செய்கிறார்கள். டானும் காஸ்மோவும் நாடக மேடையில் பிழைப்புக்காகக் கோமாளி ஆட்டம் ஆடும் காட்சி அது. தட்டையான கட்டம் அவர்களை அட்டையில் வெட்டிய உருவங்கள்போல் காட்டும், காட்சிக்குப் பொருந்தும்.

---

தையல்பெட்டி எழுதியது:

ஆமாம், அது நல்ல யோசனை. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் என்றால் நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

---

இருபத்துநான்கு எழுதியது:

காஸ்மோவைப் பற்றி எனக்கு ஓர் ஆசை. கதை நடக்கும் 1927-இல் அனிமேஷனில் இருந்த பாணி என்ன? ரப்பர் குழாய்க் கை கால்கள். முழங்கை கிடையாது, எலும்பு கிடையாது. 1927 அக்டோபரில் பேசும் படமான ‘தி ஜாஸ் சிங்கர்’ வந்து ஹாலிவுட்டைப் புரட்டிப்போட்டது. லாக்வுட் கதையின் நெருக்கடியே அதுதான். மறு ஆண்டு நவம்பரில் மிக்கி மவுஸின் ஒலிப்படம் ‘ஸ்டீம்போட் வில்லி’ வந்தது. ஒலி இல்லாமல் முதலில் தயாரான மிக்கி படங்களை ஒலியோடு மீண்டும் வெளியிட வேண்டிவந்தது. அனிமேஷனும் அதே வாசலைத்தான் தாண்டியது.

அதனால் காஸ்மோவுக்கு மட்டும் கொஞ்சம் ரப்பர் குழாய்த்தனம் கொடுங்கள். சாதாரணமாக நிற்கும்போது எலும்பு உண்டு. ஆட்டம் ஏற ஏற முழங்கை கரைந்து வளைவாகட்டும். சுவரில் ஏறும் இடத்தில் அவர் முழுக்க 1927-இன் கார்ட்டூன் ஆகிவிடலாம். டான் கடைசிவரை எலும்புள்ள ஆள். இருவரையும் பிரிக்க இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

தாளக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், வரைவதற்கு முன்பே இது உதவும். நொடிக்கு 24 ஃபிரேம். நிமிடத்துக்கு 120 தட்டுள்ள பாட்டு என்றால் ஒரு தட்டுக்கு 12 ஃபிரேம். பேசும் காட்சியில் ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துக்கொள்ளலாம். வேகமான டேப் நடனத்தில் (காலணியால் தரையில் தாளம் தட்டும் ஆட்டம்) ஃபிரேமுக்கு ஒரு ஓவியம் வேண்டும், இல்லையென்றால் கால் துடிக்கும். கால் தரையில் படும் ஓவியம் சத்தத்துக்கு ஓரிரு ஃபிரேம் முந்தி வந்தால்தான் இரண்டும் ஒன்றாக நடந்ததுபோல் தெரியும். ஒலி பிசகினால் என்ன ஆகும் என்பதையே நகைச்சுவையாக்கிய படம் இது, அதன் ஆட்களை வரைகிறவர் இந்தக் கணக்கில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

எனவே காலணியைத் துல்லியமாக வடிவமையுங்கள். குதிகால், முன்பாதம் இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் டேப்பில் இரண்டும் தனித்தனிச் சத்தம். கெல்லி பல படங்களில் வெள்ளைக் காலுறையும் தாழ்ந்த காலணியும் போட்டு ஆடுவார், பாதம் கண்ணில் படுவதற்காக. அந்த வெள்ளைப் பட்டையை டானுக்குக் கொடுத்துவிடுங்கள். கறுப்புக் காலணிக்கும் இருண்ட கால்சட்டைக்கும் நடுவே அது இல்லாவிட்டால் கணுக்கால் எங்கே மடங்குகிறது என்றே தெரியாது.

---

கரித்துண்டு எழுதியது:

ரப்பர் குழாய் யோசனையைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். காஸ்மோவுக்கு மூன்று நிலை போடுகிறேன்: பியானோ முன்னால் உட்கார்ந்திருப்பவர், ஆடத் தொடங்குபவர், சுவரில் இருப்பவர். மூன்றிலும் தலை வடிவம் மாறாது.

கேத்திதான் இன்னும் பிடிபடவில்லை. வட்ட முகம், பெரிய கண் என்று போட்டால் எங்கேயும் பார்த்த பெண்ணாக இருக்கிறாள். முடியையும் உடையையும் மாற்றினால் வேறு எந்தப் படத்தின் கதாநாயகியாகவும் ஆகிவிடுகிறாள்.

---

மைக்கூடு எழுதியது:

இந்த நோய் அனிமேஷன் பெண் பாத்திரங்களுக்குப் பொதுவானது. அழகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தில் எல்லோருக்கும் அதே தாடை, அதே கன்னம், அதே மூக்குப் புள்ளி. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. ஆண்களுக்கு ஆயிரம் வடிவம் தருகிறோம், பெண்களுக்கு ஒரே அச்சு.

கேத்தி என்ன செய்கிறாள் என்று பாருங்கள். டான் ரசிகர்களிடம் தப்பித்து அவள் காரில் குதிக்கும்போது, பெரிய நடிகன் என்று மயங்காமல் அவனை மட்டம் தட்டுகிறாள். தான் மேடை நடிகை என்று பெருமை பேசுகிறாள். கொஞ்ச நேரத்தில் விருந்தில் கேக்குக்குள்ளிருந்து குதித்து ஆடுகிறாள். டான் கேலி செய்ததும் கேக்கைத் தூக்கி எறிகிறாள், அது லீனா முகத்தில் போய் அப்புகிறது. இவள் எறிகிறவள். தோள் வேண்டும், முழங்கை வேண்டும், ஊன்றிய பாதம் வேண்டும்.

டெபி ரெனால்ட்ஸ் அப்போது 19 வயதுப் பெண். நடனக்காரி அல்ல, ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர். ‘குட் மார்னிங்’ பாட்டில் இரண்டு தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு நடுவில் அவர் ஆடுவதைப் பாருங்கள், கால் குட்டையாக இருந்தும் ஒரு தட்டைக்கூட விடுவதில்லை. அந்த உழைப்பில் ஒரு கூர்மை இருக்கிறது. மற்ற இருவரும் சிரித்துக்கொண்டே ஆடும் இடத்தில் அவர் உடம்பு ஸ்பிரிங் அழுத்திவைத்ததுபோல் இருக்கிறது.

---

வரைமேசை எழுதியது:

அருமை. அப்படியென்றால் கேத்திக்கு முதலில் கிளம்புவது பாதம். குதிகாலை ஊன்றியபின்தான் மற்றதெல்லாம். உடலைச் சின்னதாக, கச்சிதமாக வையுங்கள். தலையைத் தோளுக்கு நெருக்கமாக வையுங்கள், லீனாவின் நீண்ட கழுத்துக்கு எதிராக. சதுரத் தாடை கொடுக்கத் தயங்க வேண்டாம். வட்டத்தைக் கன்னத்தில் மட்டும் வையுங்கள்.

மூவரும் ‘குட் மார்னிங்’கில் வரிசையாக ஆடும் ஓவியத்தை ஒன்றாகவே வரையுங்கள், தனித்தனியாக வேண்டாம். அதே அடவு, அதே தட்டு. டான் அதைத் தரைக்குள் அழுத்துகிறார், காஸ்மோ அதிலிருந்து நழுவுகிறார், கேத்தி அதைக் குத்தி நிறுத்துகிறாள். கடைசியில் சோஃபா சாய்ந்து மூவரும் விழும்போதும் விழுவது மூன்று விதமாக இருக்க வேண்டும்.

---

புதுப்பென்சில் எழுதியது:

பச்சை உடைப் பெண்ணுக்கு முதலில் கிளம்புவது எது?

---

வரைமேசை எழுதியது:

கால்தான், சந்தேகமே இல்லை. அவளுடைய அறிமுகத்தைப் பாருங்கள். டான் தரையில் முழங்காலிட்டுச் சறுக்கிக்கொண்டு வருகிறார், அவர் தொப்பி நீட்டிய ஒரு பாதத்தில் மாட்டிக்கொள்கிறது. கேமரா அந்தக் காலைத் தொடர்ந்து மெல்ல மேலே போய்த்தான் முகத்துக்கு வருகிறது. அவளுக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. இருபதுகளின் குட்டை பாப் முடி, நீளமான சிகரெட் ஹோல்டர், பச்சை உடை, அவ்வளவுதான். இவளுக்கு எக்ஸ்பிரஷன் ஷீட்டே வேண்டாம், கால் ஷீட் போதும்.

உடலில் எதுவும் அவசரப்படாது. மற்ற நால்வரும் தாளத்தின் மேல் இருக்கிறார்கள், இவள் அதற்கு ஒரு கணம் பின்னால். வடிவமைப்பில் அதை நீண்ட, முறியாத கோட்டால் காட்டலாம். இடுப்பிலிருந்து பெருவிரல்வரை ஒரே கோடு, முழங்காலில் கோணம் வராமல்.

அதே பெண் பிறகு வெள்ளை உடையில், காற்றில் பறக்கும் மிக நீண்ட துணியோடு ஆடுகிறாள். அங்கே துணிதான் பாத்திரம். உடம்பு நின்றபிறகும் துணி போய்க்கொண்டே இருக்கும். அதற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

---

தையல்பெட்டி எழுதியது:

நிறம் பற்றிச் சின்னதாக. அந்தப் பச்சையை வேறு யாருக்கும் தராதீர்கள். கட்டம் போட்ட சூட்டும் பச்சை என்பதால் அதைக் கொஞ்சம் சாம்பலோடு கலந்து மங்கவையுங்கள். தொடக்கத்தில் டான், காஸ்மோ, கேத்தி மூவரும் போட்டுவரும் மஞ்சள் மழைக்கோட்டு உங்கள் வரிசையின் தலைப்புப் படத்துக்கு அருமையாக அமையும். மூன்று பேரும் ஒரே உடையில், முதுகைக் காட்டியபடி, குடையோடு. அப்போதும் யார் யார் என்று தெரிந்தால் வரைமேசையின் சோதனையில் தேறிவிட்டீர்கள்.

மழைக்காட்சி சூட் சாம்பல் நிறம். நனைந்தபிறகு ஒரு படி அடர்த்தியான சாம்பல். மாடல் ஷீட்டில் (பாத்திரத்தின் மாதிரிப் படப் பக்கம்) காய்ந்தது, நனைந்தது என இரண்டு நிறக்குறிப்பும் வேண்டும். நனைந்த கால்சட்டை காலோடு ஒட்டும், வடிவமே மாறும்.

---

புதுப்பென்சில் எழுதியது:

இதை வேலைக்கு விண்ணப்பிக்கும் போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா? உரிமைச் சிக்கல் வருமா?

---

இருபத்துநான்கு எழுதியது:

திறமையைக் காட்டும் பயிற்சியாக, எந்தப் படத்தைத் தழுவியது என்று எழுதி வைப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விற்பது வேறு விஷயம். அமெரிக்காவில் 1952 படத்துக்கான பதிப்புரிமை 95 ஆண்டு, 2047 முடியும்வரை இருக்கிறது. நடிகரின் முகச்சாயலை வணிகத்துக்குப் பயன்படுத்துவதற்குக் கலிஃபோர்னியாவில் இறந்தபின் 70 ஆண்டுவரை வாரிசுகளுக்கு உரிமை உண்டு. கெல்லி மறைந்தது 1996-இல்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆள் எடுப்பவர் பார்க்க நினைப்பது உங்கள் கண்ணை. கெல்லியின் முகத்தை அச்சாக வரைந்தால் கெல்லி அழகு என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். தரையை அழுத்தி ஆடும் ஒரு மனிதனை நீங்களே உருவாக்கினால் வடிவமைப்பாளர் தெரிவார்.

---

கரித்துண்டு எழுதியது:

புதிய வரிசை தயார். டானுக்குத் தொடை கனத்துவிட்டது, மொத்த உயரத்தில் தலையின் பங்கைக் கூட்டினேன், உருவம் தரைக்கு நெருங்கிவந்திருக்கிறது. சிரிப்பை வைத்துக்கொண்டேன் மைக்கூடு, ஆனால் கெல்லியின் தாடையை விட்டுவிட்டேன். காஸ்மோவின் முழங்கை மூன்றாவது நிலையில் இல்லை. கேத்தி கேக்கை எறியும் போஸ்தான் அவளுடைய முதன்மைப் படம். லீனா தோள் அசையாமல் தாடையைத் திருப்புகிறாள், நேர்க்குழாய் உடையில். பச்சைப் பெண் தொப்பியைப் பாதத்தில் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.

தலையில்லாத நிழலுருவங்களை, படம் பார்த்த நண்பர்களிடம் காட்டினேன். லீனாவிலும் பச்சைப் பெண்ணிலும் யாருக்கும் குழப்பம் இல்லை. டானை உடனே சொன்னார்கள். கேத்திக்கும் காஸ்மோவின் முதல் நிலைக்கும் மட்டும் கொஞ்சம் யோசித்தார்கள். பியானோ முன்னால் உட்கார்ந்திருப்பதால் அந்த ஆள் இன்னும் அடங்கிப்போய் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

---

வரைமேசை எழுதியது:

உட்கார்ந்திருக்கும்போதும் காஸ்மோவின் ஒரு முழங்கால் தாளம் போட்டுக்கொண்டிருக்கட்டும். ஸ்டூலின் விளிம்பில் உட்காரவையுங்கள், நடுவில் வேண்டாம். கேத்திக்கு உங்கள் எறியும் போஸில் பின்னங்கால் குதிகால் தரையிலிருந்து தூக்கியிருக்கிறதா? இருந்தால் இறக்கிவிடுங்கள், ஊன்றட்டும்.

லீனா, பச்சைப் பெண் இருவரின் டர்ன்அரவுண்டிலும் (எல்லாப் பக்கமும் காட்டும் ஓவியம்) காலணியோடு ஓர் உயரம், காலணி இல்லாமல் ஓர் உயரம் எனக் குறித்துவையுங்கள். டானோடு ஒரே சட்டகத்தில் வரும்போது அந்த வித்தியாசம் தேவைப்படும். பச்சைப் பெண்ணுக்கு முதுகுப் பக்கம் வரையவில்லையே?

---

கரித்துண்டு எழுதியது:

முதுகு இன்னும் போடவில்லை. அதையும் காஸ்மோவின் ஸ்டூலையும் முடித்துவிட்டு, ‘குட் மார்னிங்’ மூவர் ஓவியத்தோடு சேர்த்து இங்கே பதிகிறேன். மழைக்காட்சிக்கு நடை சோதனையும் தொடங்கிவிட்டேன், நனைந்த சூட்டோடு.